கையைத் தூக்கி நிற்பவர்கள்

மார்ச் 3, இரவு

அன்புள்ள சித்தி,

முதலில் ஒரு சத்தியம் செய்யுங்கள். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டக் கூடாது. உங்கள் அறையில் கூட இருக்கிற அந்த அக்காவுக்கும் கூடாது. அம்மாவிடம் போனில் பேசும்போது பேச்சுவாக்கில்கூட வந்துவிடக் கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். சத்தியம் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

பத்து நாளாக அப்பா சாப்பிட்டதும் சாமான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். ஜன்னலில் பழைய கம்பளியை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். அம்மா கேட்டதற்கு "ஆபீஸ் வேலை" என்றார். சித்தி, விமான நிலையத்தில் சோதனை மெஷின் எடுக்கும் படத்தைப் பார்க்கும் அறையில் வேலை செய்கிறவருக்கு வீட்டுக்குக் கொண்டுவர என்ன வேலை இருக்க முடியும்? அங்கே செல்போனைக்கூட வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மெஷின் பக்கத்தில் நிற்பவர் ஆளைப் பார்ப்பார், படத்தைப் பார்க்க மாட்டார். மூடிய அறைக்குள் உட்கார்ந்திருப்பவர் படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். பச்சையோ சிவப்போ அழுத்தியதும் படம் அழிந்துவிடும். அதைத்தான் போன வருஷம் சாப்பாட்டு மேஜையில் உங்களிடமும் சொன்னார்.

அந்த இரவை நான் மறக்கவே இல்லை. நீங்கள் சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள்.

"அத்தான், அந்த ரூம்ல ஜன்னல்கூட இல்லையாமே? உள்ள உக்காந்து அப்படி என்னதான் பாக்குறீங்க?"

"ஆளைப் பாக்குறதில்ல. பொருளைப் பாக்குறேன்."

"ஆள் இல்லாம பொருள் எப்படித் தனியா நடந்து வருது?"

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு நீங்கள் இந்த வீட்டுக்கு வரவில்லை. விமானப் பணிப்பெண்ணாக எங்கள் ஊர் விமான நிலையத்தில் வாரம் இரண்டு தடவை இறங்கி ஏறுகிறீர்கள், வீட்டுக்கு மட்டும் வருவதில்லை.

நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். சாமான் அறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார், வாய் திறந்திருந்தது. எதிரே அவருடைய பழைய மடிக்கணினி எரிந்துகொண்டிருந்தது. திரை முழுவதும் மனிதர்கள், சித்தி. சாம்பல் நிறத்தில், சுண்ணாம்பு பூசியதுபோல. முகம் இருக்கும் இடம் கலங்கலாக இருந்தது. எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கி நின்றார்கள், துப்பாக்கி முன்னால் நிற்பவர்கள் மாதிரி. உடம்பின் வடிவம் அப்படியே தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு திறந்துவிட்டேன்.

அவை அழியவில்லை. எங்கள் வீட்டில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல் வரிசையில் ஒரு பெண். அவளுடைய இடது கை மட்டும் முழுதாக மேலே போகவில்லை, முழங்கையில் வளைந்து பாதியில் நின்றது. அந்தக் கையை எனக்குத் தெரியும். அந்தக் கையால் துணிக்கொடியில் துணி போட முடியாமல் என்னைக் கூப்பிடுவீர்களே.

அப்பா எல்லார் கடிதத்தையும் பிரித்துப் படிக்கிறார். வீட்டு முகவரிக்கு எழுதாதீர்கள். பள்ளிச் சீருடை தைக்கும் தையல் அக்கா கடைக்கு எழுதுங்கள், முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. "என் கடையை தபாலாபீஸா ஆக்கப் போறியாடி?" என்றார். பிறகு, சரி என்றார்.

இப்படிக்கு,
உங்கள் எலி


மார்ச் 8

என் எலிக்குட்டி,

சத்தியம். கிழித்தேன். பாதி விமானக் கழிவறையில், பாதி விடுதிக் குப்பையில். போதுமா, மேலதிகாரி அம்மா?

இப்போது நான் சொல்வதைக் கேள். உன் அப்பா முசுடுதான். சோற்றில் கல் இருக்கிறதா என்றுகூட எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற ஆள்தான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி ஆள் இல்லை. ஏதோ பயிற்சிப் படமாக இருக்கும். பொம்மைகளை நிற்க வைத்து எடுப்பார்களாம், கேள்விப்பட்டிருக்கிறேன். கை வளையாதவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்தவள் நான் ஒருத்திதானா?

நாங்கள் தினமும் அந்த மெஷினுக்குள் நிற்கிறவர்கள். பயணிகளாவது வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. எங்களுக்கு மாதத்துக்கு நாற்பது தடவை. கால் தடத்தில் காலை வை, கையைத் தூக்கு, மூச்சைப் பிடி, இறங்கு. பக்கத்தில் பலகை தொங்குகிறது: "படங்கள் சேமிக்கப்படுவதில்லை." நான் அதை நம்பித்தான் கையைத் தூக்குகிறேன். நம்பவில்லை என்றால் இந்த வேலை பார்க்க முடியாது.

ஆகவே அந்த அறைப் பக்கம் போகாதே. பரீட்சைக்குப் படி.

சித்தி

எழுதி முடித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கை வளைந்த படத்தில் வேறு ஏதாவது தெரிந்ததா? தேதி, நேரம், எந்த வாசல்? ஞாபகம் இருந்தால் மட்டும் எழுது. இதற்காகத் திரும்பிப் போய்ப் பார்க்காதே.


மார்ச் 12, இரவு

அன்புள்ள சித்தி,

திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன்.

அப்பாவுக்கு நேற்றுப் பகல் வேலை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். சாமான் அறைச் சாவி மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. உள்ளே போனேன். கணினியைத் தொடப் பயமாக இருந்தது, ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு டைரி திறந்தே கிடந்தது. அப்பாவின் கையெழுத்து. பக்கம் பக்கமாகத் தேதிகள். அதில் ஒரு வரியை அப்படியே மனப்பாடம் செய்து வந்தேன்.

"பணியாளர் வாசல். பெண். ஜனவரி 19, காலை 5.40. வயிற்றில் வலப்பக்கம் பை. நான் அழுத்தியது பச்சை."

பை என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் மூன்று தடவை கோடு போட்டிருந்தார். தாள் கிழியும் அளவுக்கு.

சித்தி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை. அது என்ன பை? நீங்கள் எதையாவது கடத்துகிறீர்களா? யாராவது உங்களை மிரட்டிச் செய்ய வைக்கிறார்களா? செய்தியில் அப்படி வருகிறதே. அப்பா தெரிந்தே பச்சை அழுத்தி உங்களை விட்டுவிட்டாரா? இல்லை, உங்களைப் பிடித்துக் கொடுக்கத்தான் படத்தை வைத்திருக்கிறாரா? நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் அப்பா வழக்கம்போல என் பள்ளிப் பையைக் கேட்டார். சின்ன வயதிலிருந்து இது எங்களுக்குள் விளையாட்டுதான்.

"பைல என்னம்மா, குண்டா?"

"ஆமாப்பா, கணக்குப் புத்தகம். எப்ப வேணா வெடிக்கும்."

எப்போதும் இதற்குச் சிரிப்பார். நேற்று சிரிக்கவில்லை. ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஜியோமெட்ரி பெட்டிக்குள் விரலை விட்டார். தபால்தலை கையில் வந்துவிட்டது.

"ஸ்டாம்ப் எதுக்கு?"

"ஸ்கூல்ல... கடிதம் எழுதுறது எப்படின்னு பாடம். நிஜமாவே போஸ்ட் பண்ணணுமாம்."

"யாருக்கு?"

"தலைமை ஆசிரியருக்கு."

என்னையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்கேயோ பார்த்தபடி, "அந்தக் காலண்டர்ல இன்னைக்கு என்ன தேதி போட்டிருக்கு, சொல்லு" என்றார். காலண்டர் அவருக்கு நேர் எதிரேதான் இருந்தது. பதினொன்று என்றேன். "ம்" என்று பையைத் திருப்பிக் கொடுத்தார். எதற்காகத் தேதி கேட்டார்? நான் டைரியில் தேதி பார்த்தது தெரிந்துவிட்டதா? சோதித்துப் பார்த்தாரா?

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

எலி


மார்ச் 16

எலி,

நான் எதையும் கடத்தவில்லை. முதலில் அதை மனதில் போட்டுக்கொண்டு நன்றாகச் சாப்பிடு.

இதை உன் அம்மாவுக்கே சொல்லவில்லை, உனக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நீ பெரிய பெண், புரிந்துகொள்வாய். போன நவம்பரில் ஒரு மாதம் விடுப்பில் இருந்தேனே, தோழியின் கல்யாண வேலை என்று சொன்னேனே, அது பொய். எனக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடந்தது. புண் ஆறும்வரை வயிற்றில் ஒரு சிறிய வழி வைத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். கழிவு அதில்தான் சேரும். அசிங்கமாக நினைக்காதே. நானே மூன்று வாரம் கண்ணாடி பார்க்காமல்தான் குளித்தேன். ஏப்ரல் பத்தாம் தேதி இன்னொரு சிறிய அறுவை. வழியை மூடிவிடுவார்கள், பையும் போய்விடும்.

எங்கள் கம்பெனி ஒப்பந்தத்தில் உடம்பில் இப்படி எதுவும் இருந்தால் பறக்க விடமாட்டார்கள். விடுப்பும் தீர்ந்துவிட்டது. ஏப்ரல்வரை யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டால் வேலை தங்கும். சீருடைக்கு உள்ளே இறுக்கமான பட்டை கட்டிக்கொள்கிறேன். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு தடவையும் திரைக்குப் பின்னால் கூட்டிப்போவார்கள். பணியாளர் வாசலில் இருக்கிற அந்தச் சோதனை அம்மாவிடம் மருத்துவரின் கடிதத்தைக் காட்டியிருக்கிறேன். நல்ல மனுஷி. "சரி கண்ணு, போ" என்பார். யாரிடமும் சொன்னதில்லை. ஜனவரியில் ஒரே ஒரு நாள் மட்டும் பச்சை விழுந்தது. கடவுளே என்று வேகமாக நடந்துவிட்டேன். அதை அழுத்தியது உன் அப்பாவின் விரல் என்று இப்போதுதான் தெரிகிறது.

போன வாரம் நடந்ததைக் கேள். விமானத்துக்குப் போகும் பணியாளர் பேருந்தில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன மேடம், இன்னைக்குப் பை நெறஞ்சிருச்சா?" இரண்டு பேர் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன், எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரென்று தெரியவில்லை. அன்றைக்கு நூற்றெண்பது பேருக்கு எப்படித் தண்ணீர் ஊற்றினேன் என்று எனக்குத் தெரியாது. இப்போது யார் என்னைப் பார்த்தாலும் என் சட்டைக்குள் பார்ப்பது போலவே இருக்கிறது. குளிக்கும்போது விளக்கை அணைத்துவிடுகிறேன்.

உன் முதல் கடிதத்துக்குச் சமாதானம் எழுதினேனே, அப்போது உன் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று நிஜமாகவே நம்பினேன். இப்போது நம்பிக்கை இல்லை. என்மேல் இருக்கிற கோபத்தில் செய்கிறாரா?

எங்கள் பணியாளர்கள் சேர்ந்து ஒரு புகார் எழுதுகிறார்கள். படங்கள் வெளியே போகின்றன என்று. இருபத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. என்னிடம் இரண்டு தடவை நீட்டினார்கள், உன் முகத்தை நினைத்துத் தள்ளிப்போட்டேன். நேராகச் சொல்: வீட்டுக்கு அப்பாவின் நண்பர்கள் வருகிறார்களா? அவர்களுக்குக் காட்டுகிறாரா?

சித்தி


மார்ச் 20, இரவு

அன்புள்ள சித்தி,

உங்கள் கடிதத்தைத் தையல் அக்கா கடையில், துணி வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். அழுதுவிட்டேன். அக்கா எதுவும் கேட்காமல் ஒரு வெட்டுத் துணியைக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னார். அசிங்கமாக நினைக்கவில்லை சித்தி. வலிக்கிறதா என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அப்பாவுக்கு நண்பர்களே இல்லை, உங்களுக்குத் தெரியும். தனியாகத்தான் பார்க்கிறார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டார்கள். தூங்குகிற மாதிரி படுத்துக் கேட்டேன்.

"அந்த ரூமுக்குள்ள என்ன பண்றீங்க? வயசுப் பொண்ணு இருக்கிற வீடு. சொல்லிருங்க, எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன்."

"வேலை."

"எந்த ஊர்ல கம்பளி மாட்டி வேலை பாக்குறாங்க?"

"மெதுவாப் பேசு."

"நான் மெதுவாத்தான் பேசுறேன். உங்களுக்குத்தான் எல்லாம் சத்தமாக் கேக்குது."

பிறகு அப்பா சொன்னது எனக்கு விளங்கவில்லை. "இன்னும் ஒரு தடவைதான். மூணாவது தடவை. அதுல தப்பிச்சிட்டா விட்டுர்றேன்" என்றார். அம்மா, "எதுல தப்பிக்கணும்? யார்கிட்ட இருந்து?" என்றாள். கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

குற்றம் செய்தவர்கள்தானே தப்பிப்பதைப் பற்றிப் பேசுவார்கள்? ஆனால் அவர் குரல் குற்றவாளி குரல் மாதிரி இல்லை, சித்தி. வகுப்பில் பெயில் ஆன பையன் குரல் மாதிரி இருந்தது.

தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு ஒரு வாரம் கொடுங்கள். நானே அப்பாவிடம் கேட்கிறேன். எப்படிக் கேட்பேன் என்று தெரியவில்லை. ஆனால் கேட்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால் அப்பாவைக் கூட்டிப்போய்விடுவார்கள். போடாவிட்டால் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் மட்டும்.

எலி


மார்ச் 24

எலி,

மன்னித்துவிடு. உன் கடிதம் கைக்கு வருவதற்கு முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி உடை மாற்றும் அறையில் என் அலமாரிக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டியிருந்தார்கள். காலிப் பை. அவ்வளவுதான். அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டேன். சும்மா போடவில்லை. ஒரு ஊழியர் வீட்டில் படங்கள் இருக்கின்றன, என் படமும் இருக்கிறது என்று எழுதியும் கொடுத்தேன். யார் வீடு என்று எழுதவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

இனிமேல் எழுதப்போவது உனக்கு மட்டும். விசாரித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது, இதைச் சொன்னது தெரிந்தால் என்மேலேயே வழக்கு வரும். அந்த அறையில் வேலை பார்க்கிற ஆறு பேர் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் சோதனைக்கு வருகிறார்கள். இருபத்தேழாம் தேதி, இரவு பத்து மணிக்கு மேல். முன்கூட்டியே தானாக வந்து ஒப்படைக்கிறவருக்குத் துறை விசாரணையோடு போய்விடுமாம். வீட்டில் கண்டெடுத்தால் கைது.

உன் அப்பா மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தப் "பெயில் ஆன பையன் குரல்" காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குப் போன் செய்தால் உங்கள் அழைப்புகளைப் பார்ப்பார்கள், அதற்கும் பயம். அதனால்தான் இந்தக் கடிதம். இருபத்தாறாம் தேதி உனக்குக் கிடைத்துவிடும். உடனே அம்மாவிடம் காட்டு. அப்பா இருபத்தேழாம் தேதி காலையிலேயே போய் ஒப்படைத்துவிட வேண்டும். அன்று ராத்திரிவரை வைத்திருக்கக் கூடாது. நீ எதையும் தொடாதே, அழிக்காதே. என் கடிதங்களை எரித்துவிடு.

சித்தி


மார்ச் 27, இரவு

அன்புள்ள சித்தி,

மூன்று நாளாகத் தையல் அக்கா கடை பூட்டியிருக்கிறது. அவருடைய தங்கைக்குப் பிரசவமாம், நாளைக்குத்தான் வருவாராம். ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். உள்ளே தரையில் ஏதோ உறை கிடக்கிற மாதிரி தெரிந்தது. குச்சி விட்டு இழுத்துப் பார்த்தேன், எட்டவில்லை. நீங்கள் எழுதியதுதானா? பரவாயில்லை, நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு என்னிடம் நல்ல செய்தி இருக்கிறது.

அப்பாவிடம் கேட்டுவிட்டேன்!

சாப்பிட்டதும் எழுந்து சாமான் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தவிடாமல் நடுவில் நின்றுகொண்டேன். "மேல் வரிசையில கை வளைஞ்ச படம் சித்தியோடதுப்பா" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தப் படம்?"

காட்டினேன். முகத்தைத் திரையில் ஒட்டுகிற மாதிரி கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார், பிறகு மறு கண்ணை. "ஒரு மாசமா தினமும் இதைத்தான் பாக்குறேன்" என்றார். "பையைத்தான் பாத்தேன். கையைப் பாக்கவே இல்லையே."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவும் வந்து நின்றாள். அப்பாவுக்குக் கண்ணில் நோய். ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே இருட்டிக்கொண்டு வருகிறதாம். ஒரு வருஷமாகச் சொட்டு மருந்து போடுகிறார், ஆபீஸில் வைத்தே. அன்றைக்குக் காலண்டரில் தேதி கேட்டது சோதனை இல்லை, சித்தி. அவருக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு உண்டு, மூன்று தடவை தோற்றால் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்பா இரண்டு தடவை தோற்றுவிட்டார். மெஷினே பிறகு சரிபார்த்து, ஒருவர் தவறாக அழுத்திய படங்களை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுமாம், அவருக்கே திருப்பிக் காட்டித் திருத்துவதற்கு. பலகையில் அதை எழுதுவதில்லை. பயிற்சி அறையில் இருபது நிமிஷம்தான் பார்க்க விடுவார்கள். இருபது நிமிஷம் அப்பாவின் கண்ணுக்குப் போதவில்லை. அதனால் தன்னுடைய தவறுகளை மட்டும் ஒரு மெமரி கார்டில் போட்டு, காலுறைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டார். அந்த அறையைப் போலவே இருட்டாக இருந்தால்தான் பழக்கம் வரும் என்று கம்பளி மாட்டினாராம்.

"யார்கிட்டயாவது காட்டுனீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"என் தப்பை நானே போய் யார்கிட்டடி காட்டுவேன்?"

ஆனால் மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிப்ரவரிக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் உங்கள் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாகப் போட்டு, "இவ்வளவு பெரிய பையை நம்ம பெரியவர் விட்டுட்டார் பாருங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாராம். தேதி, நேரம், வாசல் எல்லாம் அதில் இருந்ததாம். அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்களும் கூட்டத்தில் இருந்தார்களாம். அங்கிருந்துதான் பேருந்துவரை போயிருக்கிறது. அப்பாவிடமிருந்து அல்ல.

அது என்ன பை என்று நான் சொன்னதும் அப்பா எழுந்துபோய்க் கம்பளியைப் பிடுங்கி எறிந்தார். ஆணியோடு சுண்ணாம்பும் பெயர்ந்து விழுந்தது. "அவ அன்னைக்கு மேஜையில கேட்டது சரிதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சித்திகிட்டச் சொல்லு. இல்ல, நானே சொல்றேன்" என்றார். போன் எடுத்தார், வைத்துவிட்டார். நாளைக்குப் பேசுகிறேன் என்றார்.

நாளைக் காலை எட்டரைக்குத் தன் மேலதிகாரியிடம் அவரே போகிறார். கார்டையும் டைரியையும் கொடுத்து, கண் நோயையும் சொல்லிவிடப் போகிறார். வேலை போகும், ஆனால் தானாகக் கொடுத்தால் அதற்குமேல் எதுவும் செய்ய மாட்டார்கள் என்கிறார். இன்றைக்கே போகலாம் என்று அம்மா சொன்னாள். இந்நேரத்துக்கு அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டார். கார்டை ஒரு உறையில் போட்டு, உறைமேல் தன் பெயரையும் பணி எண்ணையும் எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பால் குடித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அதனால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம், சித்தி. ஏப்ரல் பத்தாம் தேதி உங்கள் அறுவைக்கு அம்மா வருகிறாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். பரீட்சை முடிந்தால் நானும்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மணி பத்தரை. பக்கத்து வீடாக இருக்கும்.

இல்லை, நம் வீடுதான். மறுபடியும் தட்டுகிறார்கள். படியில் நிறைய பூட்ஸ் சத்தம். அம்மா "யாரு?" என்கிறாள். அப்பா இருட்டில் சட்டையைத் தேடுகிறார், கண் தெரியாமல் நாற்காலியில் இடித்துக்கொள்கிறார். சித்தி, உறை மேஜைமேல் இருக்கிறது, காலையில் அவரே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார் என்று இவர்களிடம் யார்